அம்மா எந்தக் கட்டத்தில் இருக்கிறாள்

எங்கள் ஊர் மகளிர் குழுவுக்கு ஒரு மனு எழுதித் தர வேண்டியிருந்தது. ஊருக்குப் பக்கத்தில் ஒரு பால் குளிரூட்டும் நிலையம் கேட்டு கிராம சபையில் வைக்க நினைத்தார்கள். காலைப் பாலுக்குச் சிக்கல் இல்லை. சித்திரை, வைகாசியில் சாயங்காலப் பால்தான் வண்டி வருவதற்குள் திரிந்துபோகிறது. குழுத் தலைவி எனக்கு மதினி முறை. போனில் சொன்னார்: "தம்பி, சும்மா கேட்டா யாரு குடுப்பா? நம்ம ஊர்ல எத்தன பொம்பளைங்க மாட்ட வச்சுப் பொழைக்காங்கன்னு கவர்மெண்டு கணக்குல இருக்கும்லா, அத எடுத்துத் தாங்க."

சென்னையில் எனக்கு வேலையே அட்டவணைகளோடுதான். நாள் முழுக்க எக்செல். பத்து நிமிடத்தில் அனுப்புகிறேன் என்றேன். நான்கு இரவுகள் ஆயின. அந்த நான்கு இரவுகளில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஊர்க் கணக்கைத் தேடி மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இணையதளத்துக்குள் நுழையும் வேறு யாருக்காவது உதவும்.

முதலில், எங்கே போவது என்பது. யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று ஊர் அளவில் எண் வேண்டும் என்றால் போக வேண்டியது மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத்தான். வேலை பற்றிய மற்ற கணக்கெடுப்புகள் பெரும்பாலும் சில வீடுகளை மட்டும் மாதிரிக்கு எடுத்து நடத்தப்படுபவை. மாநிலத்துக்கு எண் தரும், சில மாவட்டத்துக்கும் தரும், ஒரு கிராமத்துக்குத் தராது. கணக்கெடுப்பிலும் நம் கையில் இருக்கும் கடைசி 2011 தான். 2011 மார்ச் 1 பிறந்த நள்ளிரவில் இந்த நாட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதுதான் அதிலுள்ள கணக்கு. 2021 இல் நடக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போனது. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை எந்த ஊரைப் பற்றிப் பேசினாலும் பதினைந்து வருடப் பழைய எண்ணைத்தான் பேசுகிறோம். மனுவில் அந்த ஆண்டைப் போடாமல் எண்ணை மட்டும் போடுவது நாணயமான காரியம் இல்லை.

கணக்கெடுப்பு ஆணையத் தளத்தில் அட்டவணைகளை எழுத்து வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏ வரிசை மக்கள்தொகை, பி வரிசை வேலை, சி வரிசை வயது, மதம், மொழி, படிப்பு, டி வரிசை இடப்பெயர்வு, எஃப் வரிசை குழந்தைப்பேறு. நான் செய்த முதல் தப்பு, வேலை பற்றித்தானே கேட்கிறோம் என்று பி வரிசைக்குள் போனது. ஒரு ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்தேன். தொழில்வாரியாக, வயதுவாரியாக அள்ளிக் கொட்டியிருக்கிறது, ஆனால் ஊர் இல்லை. விவரம் கூடக் கூட ஊர் மறைந்து மாவட்டமும் மாநிலமும் மட்டும் மிஞ்சும் என்பதுதான் அங்கே விதி. ஒரு ஊருக்கு எண் வேண்டும் என்றால் போக வேண்டிய இடம் 'முதன்மைக் கணக்கெடுப்புச் சுருக்கம்'. இதில் புழங்குபவர்கள் பி.சி.ஏ. என்பார்கள். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு வரி. வீடுகள், ஆள்கள், ஆறு வயது வரையிலான குழந்தைகள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், வேலை பார்ப்பவர்கள், பார்க்காதவர்கள், ஒவ்வொன்றும் ஆண் பெண் பிரித்து.

அடுத்தது ஊரைக் கண்டுபிடிப்பது. தென்காசி மாவட்டம் என்று தேடினேன், அப்படி ஒரு மாவட்டமே இல்லை. தென்காசி பிறந்தது 2019 இல். 2011 இல் தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 32, எண்கள் 602 திருவள்ளூரில் தொடங்கி 633 திருப்பூரில் முடியும். எங்கள் ஊர் இன்னமும் அங்கே 628, திருநெல்வேலிக்குள்தான் இருக்கிறது. கள்ளக்குறிச்சிக்காரர்கள் விழுப்புரத்திலும், ராணிப்பேட்டைக்காரர்கள் வேலூரிலும், மயிலாடுதுறைக்காரர்கள் நாகப்பட்டினத்திலும் தேட வேண்டும்.

மாவட்டம் சரி, தாலுகா வீரகேரளம்புதூர், அதுவும் சரி. ஆனால் எங்கள் ஊர்ப் பெயர் பட்டியலில் இல்லை. நெஞ்சு கொஞ்சம் அடைத்துக்கொண்டது உண்மை. பிறகுதான் உறைத்தது. கணக்கெடுப்புக்குக் கிராமம் என்றால் வருவாய் கிராமம். நாம் ஊர் என்று சொல்வது அதற்குள் அடங்கிய குக்கிராமமாக இருக்கலாம். பட்டாவில், சிட்டாவில் எந்தக் கிராமத்தின் பெயர் இருக்கிறதோ அதைத்தான் தேட வேண்டும். அப்பாவின் பழைய தீர்வை ரசீதை மதினியிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி அந்தப் பெயரைப் பார்த்தேன். அதையும் ஆங்கில எழுத்தில் எழுதிப் போட்டிருப்பதால் 'கீழ' என்பதை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையும் தட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. இதற்கு ஒரு எளிய வழி உண்டு. முழுப் பெயரைத் தட்டாமல், சந்தேகத்துக்கு இடமில்லாத நாலு எழுத்தை மட்டும் நடுவிலிருந்து எடுத்துத் தட்டுங்கள். அல்லது பக்கத்து ஊரைத் தேடுங்கள். அடுத்தடுத்த ஊர்கள் பட்டியலிலும் பெரும்பாலும் அடுத்தடுத்தே வரும். நான் எங்கள் ஊரை அப்படித்தான் பிடித்தேன், மாமா ஊருக்கு மூன்று வரி கீழே. கண்டுபிடித்ததும் அதற்குரிய ஆறு இலக்க எண்ணைத் தனியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரை யாரும் எப்படியும் எழுதலாம், அந்த எண் மாறாது.

இரண்டாவது இரவில், ஊர் எண்ணை மாநிலத்தோடு ஒப்பிட்டால் மனுவுக்குக் கனம் கூடுமே என்று மாவட்ட அளவுக் கோப்பை இறக்கினேன். மொத்த மக்கள் என்ற நெடுவரிசையைத் தேர்ந்து கூட்டல் போட்டேன். 28,85,88,120 என்று வந்தது. தமிழ்நாட்டில் 28 கோடிப் பேரா? 2011 இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030. வந்த எண் அதைப்போல மிகச் சரியாக நான்கு மடங்கு. அந்தச் சரியான நான்குதான் எனக்கு வழி காட்டியது. கோப்பில் மாநிலத்துக்கு மூன்று வரிகள் இருக்கின்றன: மொத்தம், கிராமம், நகரம். கிராமத்தில் 3,72,29,590 பேர், நகரத்தில் 3,49,17,440 பேர். இரண்டையும் கூட்டினால் மொத்தம். ஆக அந்த மூன்று வரியிலேயே மாநிலம் இரண்டு முறை எண்ணப்பட்டுவிடுகிறது. அதற்குக் கீழே 32 மாவட்டங்களுக்கும் அதே மாதிரி மூன்று மூன்று வரிகள், இன்னொரு இரண்டு முறை. கூட்டு நான்கு. ஊர் அளவுக் கோப்பில் தாலுகா வரியும் ஊர் வரியும் சேர்ந்துகொள்ளும், தப்பு இன்னும் பெரிதாகும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 28 கோடி வந்ததால் எனக்குத் தெரிந்தது. நான் ஒரு தாலுகாவின் விவசாயக் கூலிகளை மட்டும் கூட்டியிருந்தால், வந்த எண் இரண்டு மடங்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? மனுவில் போட்டு அனுப்பியிருப்பேன். இப்போது எந்தக் கோப்பை இறக்கினாலும், விடை எனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு எண்ணை முதலில் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. இன்னொன்று, ஊரின் அந்த ஆறு இலக்க எண்ணை வைத்து இரண்டு கோப்புகளை இணைக்கும்போது ஒன்றுமே ஒட்டவில்லை என்றால், கட்டத்தின் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஒரு கோப்பில் அது எண்ணாகவும் மற்றதில் எழுத்தாகவும் இருக்கிறது. நமக்கு இரண்டும் ஒன்று, எக்செலுக்கு இல்லை.

ஆண்டுகளை ஒப்பிடுவதில் இதைவிட ஆழமான குழி இருக்கிறது. 2001 இல் கோயம்புத்தூர் மாவட்டத்தில் 42.71 லட்சம் பேர். 2011 இல் 34.58 லட்சம். கோப்பை மட்டும் பார்ப்பவருக்குக் கோவையை விட்டு எட்டு லட்சம் பேர் ஓடிப்போனது போல இருக்கும். நடந்தது என்னவென்றால் 2009 இல் கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பிரித்துத் திருப்பூர் மாவட்டம் உருவானது. இன்றைய எல்லைக்குள் வைத்துப் பார்த்தால் கோவை பத்தாண்டில் 18 சதவீதத்துக்கு மேல் வளர்ந்திருக்கிறது. பத்தாண்டு மாற்றத்தைக் காட்டும் ஏ-2 அட்டவணையில் எல்லையைச் சரிசெய்த எண்களையே கொடுத்திருக்கிறார்கள். அந்த அட்டவணைக்குப் போகாமல் இரண்டு ஆண்டுக் கோப்புகளைத் தானே இணைத்தவர் சிக்கிக்கொள்வார்.

அதே மாதிரிதான் எதை எதால் வகுப்பது என்பதும். தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றவர்கள் 5,18,37,507. மொத்த மக்களால் வகுத்தால் 71.85 சதவீதம். ஆனால் எழுத்தறிவு என்பது ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான். ஆறு வயது வரையிலான 74,23,832 குழந்தைகளைக் கழித்துவிட்டு வகுத்தால் 80.09. எல்லா இடத்திலும் அச்சாகியிருப்பது இந்த இரண்டாவது எண். கோப்பில் இரண்டுக்குமான பொருள்கள் கிடக்கின்றன, எதை எடுக்க வேண்டும் என்று கோப்பு சொல்வதில்லை. வேலை பார்ப்போர் சதவீதத்துக்கு வந்தால் முறை மாறுகிறது. கைக்குழந்தை உட்பட மொத்த மக்களால் வகுப்பதுதான் அங்கே வழக்கம். தொழிலாளர் பற்றிய மாதிரிக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்துச் சொல்லும் சதவீதத்தை இதன் பக்கத்தில் வைத்து, 'கூடியது, குறைந்தது' என்று எழுதுகிற கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கு இப்போது மனசு பதறுகிறது.

மூன்றாவது இரவில்தான் மதினி கேட்டதற்கே வந்தேன். எங்கள் ஊர் வரியில் பெண்கள் பக்கம் போனேன். வேலை பார்ப்பவர்களை நான்காகப் பிரித்திருக்கிறார்கள்: விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத் தொழில் செய்பவர், மற்றவர். வருடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் முதன்மை வேலையாள். குறைவாகப் பார்த்தால் குறுவேலையாள், அதிலும் மூன்று முதல் ஆறு மாதம், மூன்று மாதத்துக்குள் என்று இரண்டு. கடைசியாக ஒரு நெடுவரிசை: வேலை பார்க்காதவர்.

எங்கள் ஊர்ப் பெண்களில் மிகப் பெரிய கூட்டம் அந்தக் கடைசிக் கட்டத்தில் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கிழவிகளையும் கழித்தாலும் நம்ப முடியவில்லை. நான் அந்த ஊரில் பதினேழு வருடம் வளர்ந்தவன். எங்கள் தெருவில் மாடு இல்லாத வீடு இரண்டோ மூன்றோதான். விடியற்காலை நாலரைக்கு ஒவ்வொரு தொழுவிலும் செம்பில் பால் விழும் சத்தம் கேட்கும். முதலில் காலிச் செம்பில் 'சுர்' என்று, பிறகு நுரை ஏறியதும் அமுங்கிப்போன சத்தமாக. அந்தச் சத்தத்துக்குத்தான் நாங்கள் எழுந்திருப்போம். அதைச் செய்தவர்களெல்லாம் வேலை பார்க்காதவர்களா?

மாநிலத்துக்கும் அப்படித்தான். 2011 இல் தமிழ்நாட்டு ஆண்களில் வேலை பார்ப்போர் 59.3 சதவீதம், பெண்களில் 31.8. கிராமத்துப் பெண்களை மட்டும் எடுத்தால் 41.2. எல்லாப் பெண்களுக்குமான நாட்டுச் சராசரி 25.5, நம் 31.8 அதைவிட மேல் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனாலும் கிராமத்துப் பெண்களில் பாதிக்கு மேல் வேலை பார்க்காதவர் கட்டத்தில்.

பால் கறப்பதை வேலையாகச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள் போல என்று கோபத்தோடு விளக்கக் குறிப்புகளைத் திறந்தேன். அந்தப் பக்கம் எப்போதும் அட்டவணைக்குப் பக்கத்திலேயே கிடக்கும், யாரும் திறப்பதில்லை, நானும் அதுவரை திறந்ததில்லை. படித்ததும் கோபம் போய் வேறொன்று வந்தது. வேலை என்றால் பொருளாதாரப் பயன் உள்ள எந்த உற்பத்திச் செயலிலும் பங்கெடுப்பது, கூலி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். குடும்பத்து வயலில் சம்பளமில்லாமல் கைகொடுப்பதும் வேலை. பயிரிடுவதோ பால் உற்பத்தியோ, முழுக்க முழுக்க வீட்டுத் தேவைக்கே என்றாலும்கூட, வேலைதான். ஆக, விதி அம்மாவை விட்டுவிடவில்லை. விற்கவே வேண்டாம், பிள்ளைகளுக்குக் காப்பிக்குக் கறந்தாலே போதும், அவள் வேலை பார்ப்பவள் என்று விதி சொல்கிறது.

பிறகு எங்கே விட்டுப்போனது? அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ம்மா, 2011ல மக்கள் கணக்கெடுக்க வந்தாங்கள்ல, ஞாபகம் இருக்கா?"

"ஆமா, பள்ளிக்கூடத்து டீச்சர். திண்ணையில உக்காந்து பெரிய பேப்பர்ல எழுதுனா. பாவம், நல்ல வெயிலு."

"உங்கிட்ட என்ன கேட்டாங்க?"

"பேரு, வயசு, படிப்பு. பொறவு என்ன சோலி பாக்கீகன்னு கேட்டா. உங்கய்யா வயக்காடு பாக்காக, நா வீட்லதான் இருக்கேன்னு சொன்னேன்."

"மாடு இருந்துச்சுல்ல?"

"ரெண்டு கெடந்துச்சு. செவல அப்பதான் கன்னு போட்டு மூணு நாளு. அந்த டீச்சருக்குச் சீம்பால் காய்ச்சிக் குடுத்தேன்லா. ஒரு சட்டி சாப்ட்டுட்டு, புள்ளைக்குன்னு தூக்குச்சட்டியிலயும் கொண்டு போனா."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. மாடு கறந்தவள், கறந்ததைக் காய்ச்சியவள், காய்ச்சியதைக் கணக்கெடுக்க வந்தவருக்கே கொடுத்தவள், அந்தத் தாளில் வேலை பார்க்காதவர். அந்த டீச்சர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. 2011 இல் நாடு முழுக்க இந்த வேலையில் இருந்தவர்கள் ஏறக்குறைய 27 லட்சம் பேர், பெரும்பாலும் ஆசிரியர்கள். வகுப்பையும் பார்த்துக்கொண்டு, பிப்ரவரி 9 முதல் 28 வரை இருபது நாளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் ஏறி இறங்க வேண்டும், ஒவ்வொரு ஆளுக்கும் 29 கேள்விகள். 'வீட்லதான் இருக்கேன்' என்று சொன்னவரிடம் 'மாடு வச்சிருக்கீங்களா, நாத்து நடப் போவீங்களா' என்று துருவிக் கேட்டால்தான் விதி வேலை செய்யும். அம்மா வருடத்துக்கு முப்பது நாற்பது நாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். அதை மட்டும் சொல்லியிருந்தால் மூன்று மாதத்துக்குள் என்ற குறுவேலைக் கட்டம். மாட்டைச் சொல்லியிருந்தால் முதன்மை வேலையாள். ஒன்றும் சொல்லாததால் கடைசிக் கட்டம். ஒரே அம்மா, மூன்று கட்டங்கள், வித்தியாசம் திண்ணையில் கேட்ட ஒரு கேள்வி.

இதற்குப் பிறகு மற்றக் கணக்கெடுப்புகளின் குறிப்பையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 2017 முதல் நடக்கும் தொழிலாளர் மாதிரிக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிலை எண் போடுகிறார்கள். சொந்தமாகத் தொழில் செய்பவர் 11. குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவர் 21. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் 92. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, மாட்டுத் தீவனம் சேகரிப்பது, வீட்டுக்குத் தைப்பது போன்றவற்றையும் செய்பவர் 93. 11 ம் 21 ம் உழைப்பாளர் கணக்குக்குள், 92 ம் 93 ம் வெளியே. புல்லறுத்துக் கட்டித் தலையில் தூக்கி வருகிற பெண்ணை 93 இல் போடுவதா 21 இல் போடுவதா என்பது, அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் பாலை யார் பெயரில் ஊற்றுகிறார்கள் என்று கேட்பவருக்குத் தோன்றுகிறதா என்பதைப் பொறுத்தது. 2019 இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றும் வந்தது. வீட்டுக்கான கூலியில்லா வேலைகளைச் செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97. வேலை என்று பெயர் வைக்காமல் மணி எவ்வளவு என்று மட்டும் கேட்டதால்தான் அந்த ஐந்து மணி நேரம் தாளுக்கு வந்தது என்று நினைக்கிறேன்.

இந்த அனுபவத்தால் எனக்குத் தரவுகள் மேல் நம்பிக்கை போய்விட்டதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இல்லை. இத்தனை கோடிப் பேரை வீடு வீடாகப் போய் எண்ணி, ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு வரி கொடுத்து, காசு கேட்காமல் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருப்பது சாதாரணக் காரியம் இல்லை. 2001 இல் 51 லட்சமாக இருந்த தமிழ்நாட்டு விவசாயிகள் 2011 இல் 42 லட்சமானதும், விவசாயக் கூலிகள் 86 லட்சத்திலிருந்து 96 லட்சமானதும் இந்தக் கோப்பு இல்லாவிட்டால் நமக்கு எப்படித் தெரியும்? எனக்கு மாறியது வரிசை மட்டும்தான். முன்பெல்லாம் எண்ணை எடுத்த பிறகு, யாராவது கேள்வி கேட்டால் விளக்கம் தேடுவேன். இப்போது நெடுவரிசையின் தலைப்பைப் பார்த்ததும் விளக்கத்தைப் படிக்கிறேன், பிறகு அந்தக் கேள்வியை ஒரு திண்ணையில் வைத்துக் கேட்டுப் பார்க்கிறேன், பிறகுதான் எண்.

நான்காவது இரவு மதினியிடம் உள்ளதைச் சொன்னேன். கவர்மெண்டு கணக்கில் நீங்கள் கேட்ட எண் இல்லை, இருப்பது இதுதான், இது இப்படி ஆனதற்குக் காரணம் இது. அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நாமளே எண்ணிருவோம் தம்பி. என்ன கேக்கணும்னு மட்டும் சொல்லுங்க." வேலை பார்க்கிறீர்களா என்று கேட்க வேண்டாம் என்றேன். எத்தனை கறவை, காலையில் எத்தனை லிட்டர், சாயங்காலம் எத்தனை, யார் கறக்கிறார்கள், யார் பால் கொண்டுபோய் ஊற்றுகிறார்கள், இந்த ஐந்து போதும் என்றேன். குழுவில் இரண்டு பெண்பிள்ளைகள் நோட்டு எடுத்துக்கொண்டு ஒரு வாரம் வீடு வீடாகப் போனார்கள்.

மனுவோடு இரண்டு தாள்கள் இணைத்தோம். ஒன்றில் 2011 கோப்பிலிருந்து எங்கள் வருவாய் கிராமத்தின் வரி, கிராம எண்ணோடு, 'வேலை' என்பதற்குக் கணக்கெடுப்பு கொடுத்த விளக்கத்தோடு. இன்னொன்று அந்த நோட்டின் நகல். அதன் மூன்றாவது பக்கத்தில் எங்கள் வீட்டு வரி இருந்தது. மதினி கையெழுத்தில்: 'கறவை 2. காலை 6 லிட்டர். மாலை 4. கறப்பது அம்மா. ஊற்றுவது அம்மா.'